கழுவாத காசு

கொழும்பு
1918 ஜூலை 9

ராத்தா ஹம்ஸியாவுக்குத் தம்பி இத்ரூஸ் ஸலாம் கூறி எழுதுவது. படைத்தவன் காவலில் நான் சுகம். நீங்களும் பலீல் மச்சானும், உங்கள் வீட்டில் உங்கள் பொறுப்பில் விட்டு வந்த என் பெண்சாதி ஸைனபும், மூன்று வயது மகள், குறும்புக்காரி றமீலாவும் சுகந்தானா என்று மறு தபாலில் அறியத் தரவும்.

மச்சான் கடைக்கு வரும் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் வாங்கி அனுப்பிய பழைய ஒல்லாந்துச் சல்லிகள் பதினாலும் வந்து சேர்ந்தன. கோபப்படாமல் வாசியுங்கள் ராத்தா. பதினொன்று நாசம். யாரோ கழுவியிருக்கிறார்கள். முதலாளி பூதக்கண்ணாடியைக் கையில் எடுக்கக்கூட இல்லை. பொட்டலத்தை அவிழ்த்ததும், "ஏன் இத்ரூஸ், ஒங்கட பதுளையில சோத்துச் சட்டி தேய்க்கிற மாதிரித்தான் காசையும் தேய்க்கிறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். கடையில் எல்லாருக்கும் முன்னால். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

இந்தப் பழங்காசுக் கடையில் என் வேலையே அதுதான். வரும் ஒவ்வொரு காசையும் பார்த்து ஒரு சீட்டு எழுத வேண்டும். கழுவியதா, கழுவாததா, கழுவியதென்றால் எதனால். வாங்க வரும் துரைமாருக்குக் கழுவாத காசுதான் வேண்டும். நூறு வருசம் கைமாறிக் கைமாறி ஏறின கறுப்பு ஒரு தோல் மாதிரி. அதை உரித்துவிட்டால் பிறகு ஒட்டாது.

எப்படிக் கண்டுபிடிப்பதென்று மச்சானுக்கு வாசித்துக் காட்டுங்கள். காசை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மயிர் போன்ற கீறல்கள் தெரியும். சாம்பல் போட்டுத் தேய்த்தது. எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் அழுக்கிருந்து மேடெல்லாம் பளபளத்தால் அதுவும் கழுவியது. செம்பு, காயம் ஆறின இடத்துச் சதை மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் புளி. ஒன்றும் பிடிபடாவிட்டால் உள்ளங்கையில் வைத்து இறுகப் பொத்திச் சூடேற்றி மோந்து பாருங்கள். காசு பொய் சொல்லாது. எதில் குளித்ததோ அதன் வாசம் வரும்.

ஸைனபுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு என் முத்தம்.

இப்படிக்கு, உங்கள் துஆவை நாடும்
தம்பி இத்ரூஸ்

*

பதுளை
1918 ஜூலை 21

தம்பி இத்ரூஸுக்கு ராத்தா ஹம்ஸியாவின் ஸலாம். நாயன் அருளால் இங்கே ஒருவருக்கும் ஒரு குறையுமில்லை. மச்சானுக்கு வழக்கமான முழங்கால் நோவு மட்டும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடைச் சோறு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்தேன். மச்சான் தலையைச் சொறிந்தார். "அழுக்கை விலை கொடுத்து வாங்குற ஊரும் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஸைனபுக்கு மூக்கு நுனியில் கோபம். அவள் சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டுமாம். படிக்கத் தெரியாதவள், நான் மாற்றினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒங்கட பேனை ஓடுற சத்தத்துலயே தெரியும் மதினி" என்கிறாள். இனி அவள் பேச்சு:

"றமீலாட வாப்பாவுக்குச் சொல்லுங்க. காசக் கழுவினது வேற யாருமில்ல, நான்தான். சாம்பலும் பழப்புளியும் போட்டு வெரல் நோகத் தேச்சேன். பெரிய ஆக்கள் கைக்குப் போற காசு, ஊத்தையாப் போனா ஒங்களுக்குத்தானே வெக்கம் எண்டு பாத்தேன். இப்ப ஊத்தைதான் வேணுமாம்! நாளைக்கு என்னயும் குளிக்க வாணாம் எண்டு சொல்லுவீங்க போல. சரி, இனி ஒரு காசுலயும் தண்ணி படாது. நான் சொன்னா சொன்னதுதான். ஆனா ஒண்டு. என்ட கழுத்துல கெடக்கிற குதிரைக்காரன் காச மட்டும் கேட்டுறாதீங்க. அது கலியாணத்துல நீங்க தந்த மஹர். கேட்டா கொழும்புக்கே வந்து ஏசுவேன், ஒங்கட மொதலாளிக்கு முன்னால வச்சி."

போதுமா? சிரித்துச் சிரித்து எழுதியதில் மை சிந்திவிட்டது. நல்லபடி இரு.

ராத்தா ஹம்ஸியா

*

கொழும்பு
1918 ஆகஸ்ட் 4

ராத்தாவுக்கும் வீட்டில் எல்லாருக்கும் இத்ரூஸின் ஸலாம். நான் நல்ல சுகம். மச்சானின் முழங்காலுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள்?

ஸைனபின் ஏச்சை ஐந்து தடவை வாசித்தேன். என்னோடு ஓர் அறையில் இருக்கும் ஷுக்ரிக்கும் வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தக் குதிரைக்காரனை நான் கேட்கவே மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் குதிரைக்காரன், மறு பக்கம் சிங்கம் போட்ட அந்த ஒல்லாந்து வெள்ளிக் காசைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, அவள் கழுத்தோடு முடிச்சுப் போட்டவன் நான்தான். ஐந்து வருசமாக அவள் வேர்வையில் கிடந்து கறுத்திருக்கிறது. அதைப் போல ஒரு கழுவாத காசை இந்தக் கடையில் நான் இன்னும் பார்க்கவில்லை. பத்திரமாக இருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு கள்ளனைப் பிடித்தேன். கழுவின காசை அடுப்புப் புகையில் கட்டிக் கறுப்பாக்கிக் கொண்டுவந்திருந்தான். முதலாளியே ஏமாறப் பார்த்தார். நான் விடவில்லை. உண்மையான கறுப்பு ஓரிடம் அடர்த்தியாகவும் ஓரிடம் மெலிதாகவும் இருக்கும். புகை போட்டது எல்லா இடமும் ஒரே சீராக இருக்கும். சீராக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று சொன்னேன். முதலாளி எல்லாருக்கும் முன்னால் என் முதுகில் தட்டினார்.

ஆகவே கழுவாத காசாகப் பார்த்து வாங்கி அனுப்புங்கள். வருசக் கடைசியில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து ஸைனபையும் பிள்ளையையும் கூட்டிவரலாம் என்றிருக்கிறேன். அது இந்தக் காசுகளில்தான் இருக்கிறது. அவளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் இன்றைக்கே பெட்டி கட்டுவாள்.

தம்பி இத்ரூஸ்

*

பதுளை
1918 செப்டம்பர் 22

தம்பிக்கு ஸலாம். இன்றைய தேதிவரை நாங்கள் சுகம் என்றுதான் எழுத முடியும். உன் சுகம் எப்படி?

பதில் தாமதித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் ஒரு புதுக் காய்ச்சல். காலையில் தலையிடி என்பவன் மூன்றாம் நாள் இருமி இருமி நீலம் பாரித்துப் போகிறான். ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் கூலி ஆட்கள் லயம் லயமாக, வீட்டு வரிசை முழுக்கப் படுத்துவிட்டார்களாம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆளில்லையாம். பஸாரில் பாதிக் கடை பூட்டு. மச்சான் கடை வாசலில் ஒரு சட்டியில் வினாகிரிக் காடி ஊற்றி வைத்திருக்கிறார். காய்ச்சல் காசோடு ஒட்டி வருமாம், யார் வந்தாலும் காசை அதற்குள் போட வேண்டும். ஊறின பிறகுதான் எடுப்பார். மற்றக் கடைக்காரர்களும் அப்படியே செய்கிறார்கள்.

ஆகவே உனக்குக் காசு அனுப்ப வழியில்லை என்று எழுத உட்கார்ந்தேன். உன் பெண்சாதி விடவில்லை. நமக்கு ஞாயிறு தோறும் கீரை கொண்டுவரும் தோட்டத்து ரெங்கம்மாவை உனக்குத் தெரியுமே. இனி ஸைனபே சொல்லட்டும்:

"மச்சான்ட சட்டிக்குள்ள விழுந்தா காசு கெட்டுப் போயிடும் எண்டு எனக்குத் தெரியும். அதனால ரெங்கம்மாவப் பின்வாசலுக்கு வரச் சொல்லிட்டேன். 'எங்க லயத்துல பழைய சல்லி நெறைய இருக்குங்கம்மா, பாட்டன் காலத்துல முடிஞ்சு வச்சது' எண்டாள். முந்தானை முடிச்ச அவிழ்த்து என்ட கையிலயே போட்டாள். நான் துடைக்கவும் இல்ல, ஊதவும் இல்ல. பத்தொன்பது காசு. கழுவாத காசு எண்டா இதுதான் கழுவாத காசு. ஒங்கட கண்ணாடிய வச்சிப் பாருங்க, என்ன எழுதுறீங்க எண்டு பாப்பம்."

எனக்கு இதில் இஷ்டமில்லை தம்பி. மச்சானுக்குத் தெரிந்தால் ஏசுவார். நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள். காசை இத்துடன் அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ராத்தா ஹம்ஸியா

*

கொழும்பு
1918 செப்டம்பர் 30

ராத்தாவுக்கு ஸலாம். நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

பத்தொன்பதுக்கும் "கழுவாதது" என்று சீட்டு எழுதினேன்! ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலாளி ஒவ்வொன்றாகத் தானே மறுபடி பார்த்தார். இரண்டு காசில் இன்னும் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது, அவர் அதையும் துடைக்க விடவில்லை. என் ஸைனப் கெட்டிக்காரி என்று சொல்லுங்கள். ஊரே சட்டியில் காசை ஊறப்போடும்போது பின்வாசலைத் திறந்து வைக்க அவளுக்குத்தான் தோன்றும்.

ஒரு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்: இன்னும் வாங்கச் சொல்லுங்கள். மச்சான் எப்போதுமே பயந்த ஆள். காய்ச்சலுக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேயும் பத்துப் பேர் இருமத்தான் செய்கிறார்கள். ரெங்கம்மாவின் லயத்தில் உள்ளதெல்லாம் வரட்டும். கையில் வாங்கி அப்படியே முடியச் சொல்லுங்கள். ஒரு சொட்டு வினாகிரி பட்டாலும் பிறகு என்னிடம் பேச வேண்டாம் என்று சொன்னேன் என்று சொல்லுங்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் சொல்லுங்கள்.

றமீலா என்ன புதுப் பேச்சுப் பேசுகிறாள்? எழுதவும்.

தம்பி இத்ரூஸ்

*

கொழும்பு
1918 அக்டோபர் 19

மதிப்புக்குரிய ஹம்ஸியா ராத்தா அவர்களுக்கு, இத்ரூஸுடன் ஓர் அறையில் இருக்கும் ஷுக்ரி ஸலாம் கூறி எழுதுவது. முன்பின் பழக்கமில்லாமல் எழுதுவதை மன்னிக்கவும்.

இத்ரூஸ் நானாவுக்குக் காய்ச்சல் கண்டு இன்றைக்கு ஒன்பது நாள். ஆசுபத்திரியில் இருக்கிறார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. உங்களுக்கு எழுதக் கூடாதென்று என்னிடம் சத்தியம் கேட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. டாக்டர் ஐயா சொன்னது: உயிர் தப்பினாலும் நெஞ்சு இரண்டு மாதத்துக்கு ஒன்றையும் தாங்காது, பயணம் கூடாது, மனசை அலைக்கழிக்கும் செய்தி எதுவும் காதில் விழக் கூடாது. அங்கிருந்து கெட்ட செய்தி ஏதும் இருந்தால் இப்போது எழுத வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிதற்றும்போது ஸைனப் மதினி பேரைத்தான் சொல்கிறார்.

உங்கள் வீட்டில் யாவரும் நலமாயிருக்க இறைவன் போதுமானவன்.

ஷுக்ரி

*

பதுளை
1918 நவம்பர் 10

அன்புத் தம்பி இத்ரூஸுக்கு ராத்தாவின் ஸலாம். நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாய் என்று ஷுக்ரித் தம்பி எழுதினார். அல்ஹம்துலில்லாஹ். உன்னையாவது அவன் எங்களுக்கு மிச்சம் வைத்தானே.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். ஊரில் காய்ச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மச்சான் கடையைத் திறந்துவிட்டார். நீ ஒன்றையும் யோசிக்காதே. பயணம் என்ற பேச்சே கூடாது. நன்றாகத் தூங்கு. கோழிச் சாறு குடி.

றமீலா நல்ல சுகம். இப்போதெல்லாம் என்னோடுதான் படுக்கிறாள். என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஸைனப் சொல்வதாவது: "தாங்கள் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நாங்கள் யாவரும் சுகம். தாங்கள் வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தங்கள் சுகத்துக்காக ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன்."

வேறு விசேஷம் இல்லை.

ராத்தா ஹம்ஸியா

*

கொழும்பு
1918 டிசம்பர் 1

ராத்தாவுக்கு ஸலாம். நான் சுகமாகி வருகிறேன். நேற்றுத்தான் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். என் எழுத்துக் கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கை நடுக்கம் இன்னும் போகவில்லை.

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஸைனபுக்கு என்மேல் கோபமா ராத்தா? ஒரு ஏச்சுக்கூட இல்லை. ஐந்து வருசத்தில் அவள் என்னைத் "தாங்கள்" என்று சொன்னதே இல்லை. அவள் பேச்சு ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் இடறும், நடுவில் வேறெங்கோ பாயும். இந்தத் தடவை எல்லாம் ஒரே சீராக வந்திருக்கிறது. காய்ச்சல் வந்ததை நான் மறைத்ததற்குக் கோபமென்றால் நேரே ஏசச் சொல்லுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

இல்லை, வேறு ஒன்று கேட்கிறேன். அவள் கழுத்துக் குதிரைக்காரனை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். விற்பதற்கல்ல. ஒரு மாதம் என்னிடம் இருக்கட்டும். கழுவாமல், துடைக்காமல், கயிற்றோடு. தர மாட்டாள் என்று தெரியும். தர மாட்டேன் என்று அவள் ஏசுவதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எனக்கு அது போதும்.

தம்பி இத்ரூஸ்

*

பதுளை
1918 டிசம்பர் 11

தம்பிக்கு ஸலாம். நீ கடைக்குப் போனது சந்தோஷம். ஆனால் அவசரப்படாதே. உன் எழுத்து அப்படிக் கோணியிருக்கிறது. மச்சானும் பிள்ளையும் சுகம்.

நீ கேட்ட காசை இத்துடன் அனுப்புகிறேன். உன் சொல்படி நான் அதைக் கழுவவில்லை, துணியால்கூடத் துடைக்கவில்லை. அல்லாஹ் அறிய உண்மை. மெழுகுத் தாளில் சுற்றித் தைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

ஸைனபுக்குக் கோபம் ஒன்றுமில்லை. நீ கேட்டதும் தந்துவிடச் சொன்னாள்.

இந்த மாதக் கடைசி வாரம் வரையாவது பயணம் வேண்டாம். நெஞ்சு நன்றாக ஆறட்டும்.

ராத்தா ஹம்ஸியா

*

கொழும்பு
1918 டிசம்பர் 18

ராத்தாவுக்கு ஸலாம். உங்கள் சுகத்தையும் மச்சான் சுகத்தையும் றமீலாவின் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன். மூன்று பேரின் சுகத்தைத்தான் கேட்கிறேன் என்பதைப் பார்த்தீர்களா?

காசு வந்தது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வெயில் விழும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். நான் அதைப் பார்த்த விதத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. பக்கத்தில் கத்தரியால் வெட்டியிருக்கிறது. சிங்கப் பக்கத்தில் பழைய கறுப்பு அப்படியே இருக்கிறது, அவள் வேர்வை அழுக்கோடு. குதிரைக்காரன் பக்கத்தில் வெள்ளியின் கறுப்பு இருக்கிறது. மேலே படிந்த அழுக்கு இல்லை. கழுவியிருக்கிறது. ஆனால் கீறல் இல்லை. சாம்பல் இல்லை, புளி இல்லை. ஒரு காசை ஒரு பக்கம் மட்டும் கழுவுகிறவர்களை நான் கண்டதில்லை. காசு எங்கேயோ ஒட்டிக் கிடந்திருக்க வேண்டும். அதைப் புரட்டாமல் மேலோடு கழுவியிருக்க வேண்டும்.

குதிரையின் கால்களுக்கிடையில் பச்சையாக ஏதோ காய்ந்து கிடந்தது. ஊசியால் எடுத்துப் பார்த்தேன். இலந்தை இலைத் துணுக்கு. பிறகு காசை உள்ளங்கையில் வைத்தேன், குதிரைக்காரன் பக்கம் கையில் படும்படி. பொத்தினேன். மோந்தேன்.

கற்பூரம்.

காய்ச்சலுக்கு நெஞ்சில் கற்பூர எண்ணெய் தடவியிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை நாள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் ராத்தா. ஆனால் தடவியிருந்தால் நெஞ்சை ஒட்டிக் கிடந்த பக்கத்தில் பிசுக்கு இருக்க வேண்டும். அங்கே ஒன்றுமில்லை. மேல் பக்கம்தான் மணக்கிறது. இலந்தை இலையில் ஒரு தண்ணீர், கற்பூரத்தில் ஒரு தண்ணீர். நம் ஆட்கள் யாரை அப்படிக் குளிப்பாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் கழுவவில்லை என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டு எழுதியிருந்தீர்கள். அதை நம்புகிறேன். நீங்கள் காசைக் கழுவவில்லை.

இரண்டு கேள்வி கேட்கிறேன். என் ஸைனப் எந்த நாள் போனாள்? ரெங்கம்மா எப்படி இருக்கிறாள்?

இத்ரூஸ்

*

பதுளை
1918 டிசம்பர் 27

என் தம்பிக்கு ஸலாம். உனக்குப் பொறுமையைக் கொடுக்கும்படி ரப்பிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். றமீலா சுகம். மச்சான் சுகம்.

அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்கு முன். நான்கு நாள்தான் கிடந்தாள். ஷுக்ரியின் கடிதம் வந்தபோது அவளை அடக்கம் செய்து ஆறு நாள். இதை உனக்கு எழுதினால் உன்னையும் கொன்றவளாவேன் என்று நினைத்தேன். பிறகு உன் எழுத்து வந்தது. அந்தக் கோணலைப் பார்த்ததும் மறுபடியும் பொய் எழுதினேன். அவள் வாயால் பேசிப் பேசி எழுதினேன். எனக்கு அவள் மாதிரிப் பேச வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதைத்தான் உனக்கு அனுப்பினேன். என்னை மன்னித்துவிடு.

மையத்துக் குளிப்பாட்டும் லரீபா அன்றைக்கு எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நின்ற காலோடு நின்றாள். நானும் அவளும்தான் குளிப்பாட்டினோம். காசைக் கண்டோம். உன் முடிச்சு அவிழவில்லை, வேர்வையில் இறுகிப்போயிருந்தது. "நேரமில்ல ராத்தா, ஊத்திட்டு வெட்டுவோம்" என்றாள் லரீபா. கஃபன் துணி விரித்த பிறகுதான் வெட்டினேன். ஈரத்தோடு ஒரு தகர டப்பியில் போட்டு மூடினேன். நீ கேட்கும்வரை திறக்கவில்லை. உன்னிடம் அது பேசும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நீ கண்டுகொள்வதற்காகத்தான் அனுப்பினேனோ என்றும் இப்போது தோன்றுகிறது. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. அதற்கு முன் ஒரு தடவை, "பெட்டிக்குள்ள ஒரு முடிச்சு இருக்கு மதினி, அவருக்கு அனுப்பிடுங்க, தண்ணி படாம" என்றாள். முப்பத்திரண்டு காசு இருந்தது. அதை உனக்கு அனுப்பவில்லை. நேற்று அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவினேன். பழப்புளி போட்டு, சாம்பல் போட்டு, வினாகிரியில் ஊறப்போட்டு, மறுபடியும் சாம்பல் போட்டு. விரல் தோல் உரிந்துவிட்டது. இப்போது அவை புதுக் காசு மாதிரி மின்னுகின்றன. உன் முதலாளி சிரித்தால் சிரிக்கட்டும்.

எல்லாம் அவன் நாட்டம். ஊர் முழுக்கக் காற்றிலேதான் வந்தது.

பள்ளிவாசல் கபுறடியில் வடக்கு மதில் ஓரம் இருக்கிறாள். நீ வந்ததும் அவள் பேரில் கத்தம் ஓதலாம். வா தம்பி.

உன் ராத்தா ஹம்ஸியா

*

கொழும்பு
1919 ஜனவரி 5

ராத்தாவுக்கு ஸலாம். உடம்பு தேறிவிட்டது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. உங்களுக்கும் மச்சானுக்கும் பிள்ளைக்கும் நீடித்த ஆயுளை அல்லாஹ் தரட்டும்.

டாக்டர் ஐயா பயணத்துக்குச் சம்மதித்துவிட்டார். வரும் சனிக்கிழமை ரயில் கோச்சியில் பண்டாரவளை, அங்கிருந்து வண்டியில் பதுளை. றமீலாவிடம் வாப்பா வருகிறார் என்று சொல்லுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம். உம்மா எங்கே என்று என்னிடம் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. ரெங்கம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்குப் பதிலாக முப்பத்திரண்டு காசை விரல் தோல் உரியத் தேய்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். போதும் ராத்தா. காய்ச்சல் எந்த வாசலால் வந்ததென்று எனக்குப் புரிந்துவிட்டது. "நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள்" என்று செப்டம்பரில் எழுதினீர்கள். நான் எழுதினேன். நான் என்ன எழுதினேன் என்பதும், அதை நீங்கள்தான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருப்பீர்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. காற்றில் வந்ததென்று நீங்கள் எழுதியதற்கு நன்றி. அதை நம்புவதற்கு எனக்கு வழியில்லை.

சிங்கப் பக்கத்தை நான் இன்னும் கையில் பொத்தவில்லை. அந்தப் பக்கம் அவள் மட்டும்தான் இருக்கிறாள். சூடேற்றினால் வாசம் வரும். திரும்பத் திரும்பச் சூடேற்றினால் போய்விடும். றமீலா வளர்ந்து, உம்மா எப்படி இருந்தாள் என்று கேட்கும் நாளில் அவள் கையில் வைத்துப் பொத்துவேன்.

முதலாளி குதிரைக்காரனை என் கையில் பார்த்துவிட்டார். விற்கிற காசில்லை என்றேன். "கடைக்குள்ள வந்த காசு, சீட்டு இல்லாமப் போகக் கூடாது" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கடை வழக்கத்தைத்தான் சொன்னார். உட்கார்ந்து எழுதினேன். ஒல்லாந்து வெள்ளி, குதிரைக்காரன். கழுவியதா என்ற இடத்தில், ஒரு பக்கம் மட்டும் என்று எழுதினேன். அடுத்தது எதனால் என்ற இடம். இலந்தை, கற்பூரம் என்றெழுதி அடித்தேன். பிறகு அதே இடத்தில் என் பெயரை எழுதினேன்.

இத்ரூஸ்